ஒரு நல்ல வசனம்கூட இல்லாத கர்னல்

அன்புள்ள சார்,

மான்ட்டி பைத்தான் என்ற பிரிட்டிஷ் நகைச்சுவைக் குழுவைப் பற்றி நீங்கள் எழுதிய கட்டுரையைப் படித்த பிறகு அவர்களுடைய தொலைக்காட்சித் தொடரின் முதல் சீஸனை உட்கார்ந்து பார்த்தேன். பதினோராம் வகுப்பு படிக்கும் என் மகனும் கூட இருந்தான். பல இடங்களில் எனக்கு முன்னால் அவன் சிரித்துவிட்டான். அவர்கள் பேசும் ஆங்கிலம் என் காதுக்குப் பிடிபடக் கொஞ்சம் நேரமாகிறது.

எனக்கு ஒரு குறை. அந்த ராணுவக் கர்னல் பாத்திரம் சுத்தமாகப் பிடிக்கவில்லை. காட்சி சூடு பிடிக்கிற நேரத்தில் திடீரென்று உள்ளே வருகிறார், 'இது அசட்டுத்தனமாகப் போகிறது, நிறுத்துங்கள்' என்கிறார், அவ்வளவுதான், காட்சி முடிந்துவிடுகிறது. எழுதியவர்களுக்கு முடிவு தோன்றவில்லை, ஒரு ஆளை அனுப்பிக் கடையைச் சாத்திவிட்டார்கள் என்றுதான் எனக்குப் படுகிறது. அவர் சிரிப்பதும் இல்லை, சிரிக்க வைப்பதும் இல்லை. உங்கள் கட்டுரையிலும் அவரைப் பற்றி ஒரு வரி கிடையாது. உங்களுக்கும் என் அபிப்பிராயம்தானா?

கேட்பதற்குச் சொந்தக் காரணமும் உண்டு. எங்கள் அலுவலக நாடகக் குழுவில் எனக்கு எப்போதும் இந்த மாதிரி வேடம்தான் வரும். இந்த முறை புகார் எழுதும் இன்ஸ்பெக்டர். எதிரே நிற்பவர் வாயைத் திறந்தாலே அரங்கம் சிரிக்கும். நான் 'அப்புறம்?', 'எங்கே?', 'எத்தனை மணிக்கு?' என்று கேட்டுக்கொண்டிருப்பேன். நாடகம் முடிந்ததும் எல்லோரும் அவருக்குத்தான் கை கொடுக்கிறார்கள். போதாக்குறைக்கு ஒத்திகையில் ஒரு குறிப்பிட்ட இடம் வந்தால் எனக்கே சிரிப்பு வந்துவிடுகிறது, இயக்குநர் திட்டுகிறார். இந்த வேடத்தில் உண்மையிலேயே ஏதாவது இருக்கிறதா, இல்லை திறமை போதாதவனை நிறுத்திவைக்கிற இடமா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

கர்னலைப் பற்றி எழுதாமல் விட்டதற்குச் சோம்பல்தான் காரணம். அவரைத் தொட்டால் கட்டுரை முழுக்க அவர் பக்கம் சாய்ந்துவிடும் என்று தள்ளிப்போட்டேன். இப்போது நீங்கள் மாட்டிவிட்டீர்கள்.

முடிவு தோன்றாததால் ஆளை அனுப்பிவிட்டார்கள் என்று குற்றம் சாட்டுகிறீர்கள். நீங்கள் சொல்வதற்கு முன்பே கர்னலின் முகத்துக்கு நேராக ஒருவர் அதைச் சொல்லியிருக்கிறார், அதுவும் அதே நிகழ்ச்சியில். 1969 டிசம்பர் 7ஆம் தேதி பிபிசியில் ஒளிபரப்பான எட்டாவது எபிசோடைத் திரும்ப எடுத்துப் பாருங்கள். ராணுவ அலுவலகம். மேஜைக்குப் பின்னால் கர்னல், அதாவது குழுவில் ஒருவரான கிரஹாம் சாப்மன். ஒரு சிப்பாய் வந்து ராணுவத்தை விட்டுப் போக வேண்டும் என்கிறான். ஏன்? ஆபத்தாக இருக்கிறதாம். அங்கே நிஜத் துப்பாக்கி வைத்திருக்கிறார்களாம். இவன் சேர்ந்தது நீர்ச்சறுக்குக்காகவும் ஊர் சுற்றுவதற்காகவும்தானாம். கர்னல் பொறுமையாகக் கேட்டு ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்கிறார். இதுவரை அவர் நமக்குத் தெரிந்த வழக்கமான ஸ்ட்ரெய்ட் மேன், அதாவது தான் சிரிக்காமல் நின்று எதிரே நிற்பவர் சிரிக்க வைக்க இடம் கொடுப்பவர்.

அப்புறம் இரண்டு ரவுடிகள் நுழைகிறார்கள், மைக்கேல் பேலினும் டெர்ரி ஜோன்ஸும். முகாம் ரொம்ப நன்றாக இருக்கிறது கர்னல், இதற்கு ஏதாவது ஆகிவிட்டால் பாவம், என்று ஆரம்பிக்கிறார்கள். கடைக்காரனை மிரட்டி மாமூல் வாங்குகிற அதே பேச்சு. இங்கே மிரட்டப்படுவது பிரிட்டிஷ் ராணுவம். டாங்கிகள் உடையாமல் பார்த்துக்கொள்ள வாரத்துக்குப் பதினைந்து ஷில்லிங் கேட்கிறார்கள். கர்னல் முடியாது என்றதும் தொகை இறங்கிக்கொண்டே வருகிறது. (பிரிட்டன் பழைய ஷில்லிங் கணக்கைக் கைவிட்டது 1971இல். உங்கள் மகன் கேட்டால் சொல்ல உதவும்.)

இந்த இடத்தில்தான் கர்னல் நிறுத்துகிறார். அவர் சொல்லும் காரணங்களைக் கவனியுங்கள். காட்சியின் அடிப்படையே அசட்டுத்தனம் என்பது முதல் காரணம். மோசமாக எழுதப்பட்டிருக்கிறது என்பது இரண்டாவது. மூன்றாவது என்ன தெரியுமா? இங்கே இருப்பவர்களில் மூத்த அதிகாரி நான், எனக்கு இன்னும் ஒரு நல்ல வசனம்கூட வரவில்லை என்கிறார்.

அரங்கம் அங்கேதான் வெடிக்கிறது. தனக்குச் சிரிப்பு வசனம் வரவில்லை என்கிற புகார்தான் அவருடைய சிரிப்பு வசனம். அதுவும் அவருக்குத் தெரிவதில்லை. உடனே ரவுடிகளில் ஒருவன், உங்களால் முடிவு யோசிக்க முடியவில்லை, அதனால்தானே நிறுத்துகிறீர்கள் என்று கேட்கிறான். உங்கள் கடிதத்தில் இருக்கிற அதே கேள்வி. கர்னல் அவசர அவசரமாக மறுத்துவிட்டுக் கார்ட்டூனைப் போடச் சொல்கிறார். ஆக, எழுதியவர்கள் தங்கள் ஓட்டையைத் தாங்களே விரல் விட்டுக் காட்டிவிட்டார்கள். நீங்கள் கண்டுபிடித்தது சரிதான். அதை மறைத்தார்கள் என்று நினைத்ததுதான் சரியில்லை.

இந்த ஓட்டைக்குப் பின்னால் ஒரு சரித்திரம் இருக்கிறது. அன்றைய ஆங்கிலத் தொலைக்காட்சியில் ஒரு நகைச்சுவைக் காட்சி என்றால் அதற்குக் கட்டாயம் ஒரு முத்தாய்ப்பு வசனம் வேண்டும். அதைச் சொன்னதும் விளக்கு அணையும், கைதட்டல் வரும், அடுத்த காட்சி. மூன்று நிமிடம் பிரமாதமாகப் போன காட்சியைக்கூட ஒரு சப்பை வசனத்தில் கொண்டுபோய் முட்டவைக்க வேண்டும். பைத்தான்கள் ஆறு பேரில் ஐந்து பேர் மற்றவர்களின் நிகழ்ச்சிகளுக்கு இப்படி வருடக்கணக்கில் எழுதிக் கொடுத்துச் சலித்தவர்கள். 1969 மார்ச்சில் ஸ்பைக் மில்லிகன் என்ற நகைச்சுவை நடிகர் தன்னுடைய புதிய தொடரில் காட்சிகளைப் பாதியிலேயே போட்டுவிட்டு அடுத்ததற்கு நடந்தார். இவர்களுக்கு வயிற்றில் புளி கரைத்தது, நாம் செய்ய நினைத்ததை மனிதர் முந்திக்கொண்டாரே என்று. ஆறாவது ஆளான டெர்ரி கில்லியத்தின் கார்ட்டூன்கள் ஏற்கெனவே ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குக் காரண காரியம் இல்லாமல் வழுக்கிக்கொண்டு போகும். நிகழ்ச்சி முழுவதையும் அப்படி ஓடவிட்டால் என்ன என்று முடிவு செய்தார்கள். அக்டோபர் 5ஆம் தேதி முதல் எபிசோட் வந்தது.

முத்தாய்ப்பு வேண்டாம் என்று முடிவு செய்வது சுலபம். ஆனால் காட்சியை எங்கேயாவது நிறுத்தித்தானே ஆக வேண்டும்? அதற்கு அவர்கள் கைவசம் பல உபாயங்கள் இருந்தன. மேலேயிருந்து பதினாறு டன் எடைக்கல் விழும். இரும்புக் கவசம் போட்ட ஒரு வீரன் வந்து ரப்பர் கோழியால் தலையில் ஒன்று போட்டுவிட்டுப் போவான். இவையெல்லாம் ஒரு முறை சிரிக்க வைக்கும், இரண்டாம் முறை புன்னகை வரும். கர்னல் மட்டும் வரவர ருசி கூடுகிற பண்டம். ஏனென்றால் எடைக்கல்லுக்கு அபிப்பிராயம் கிடையாது. கர்னலுக்கு உண்டு.

அந்த அபிப்பிராயங்களைப் பார்க்கலாம். கட்டில் வாங்கப்போகிற காட்சி ஞாபகம் இருக்கும், மெத்தை என்ற சொல்லைக் கேட்டதும் காகிதப் பையைத் தலையில் மாட்டிக்கொள்ளும் கடை ஊழியர். அதற்கடுத்து கர்னல் வந்து, இந்த நிகழ்ச்சியில் அசட்டுத்தனம் தலைதூக்குவதைக் கவனிக்கிறேன், கட்டில் காட்சி அதிலும் மோசம் என்கிறார். காகிதப் பை மாட்டிக்கொண்டவரும் சாப்மன்தான். ஒரு கையால் செய்துவிட்டு மறு கையால் கண்டிக்கிறார். அதோடு, நல்ல நகைச்சுவையை என்னைவிட அதிகம் ரசிப்பவர் யாரும் இல்லை என்று பெருமையாக ஆரம்பித்து, என் மனைவியைத் தவிர, அவள் தோழிகள் சிலரைத் தவிர, அப்புறம் இன்னொரு கேப்டனையும் தவிர என்று கழித்துக்கொண்டே போய், யோசித்துப் பார்த்தால் பெரும்பாலானவர்கள் என்னைவிட அதிகமாகத்தான் ரசிக்கிறார்கள் என்று முடிப்பார். நேர்மையான மனிதர். கணக்கு உதைக்கிறது என்று தெரிந்ததும் ஒப்புக்கொள்கிறார், ஆனால் அதனால் முடிவை மாற்றிக்கொள்வதில்லை.

அடுத்து, திறந்தவெளியில் ஆரோக்கியமாக ஏதாவது காட்டுங்கள் என்று உத்தரவு போடுகிறார். மலைச்சரிவில் துறவிகள் குடியிருப்பு விவகாரம் பேசும் காட்சி வருகிறது. அதையும் போய் நிறுத்துகிறார். அங்கே ஒரு துறவி, நிறுத்த முடியாது, இது ஃபிலிமில் எடுத்தது என்று சட்டம் பேசுகிறார். வீட்டில் உட்கார்ந்து பார்க்கிறவருக்கு அதனால் என்ன வித்தியாசம் என்று கேட்டுவிட்டு, துறவிகளோடு படப்பிடிப்புக் குழுவையும் சேர்த்து மலையிலிருந்து விரட்டுகிறார். இந்தக் கிண்டல் முழுசாகப் புரிய அன்றைய பிபிசி வழக்கம் தெரிய வேண்டும். உள்ளரங்கக் காட்சிகளை ஸ்டூடியோவில் பார்வையாளர்களுக்கு முன்னால் நடித்து வீடியோ நாடாவில் பதிவு செய்வார்கள். வெளிப்புறக் காட்சிகளை முன்கூட்டியே 16 மில்லிமீட்டர் ஃபிலிமில் எடுத்துவந்து அந்தப் பார்வையாளர்களுக்குத் திரையில் போட்டுக் காட்டுவார்கள், சிரிப்புச் சத்தத்தைப் பிடிப்பதற்காக. எப்போதோ எடுத்து முடித்த ஃபிலிமுக்குள் ஒரு கர்னல் எப்படி நுழைந்து நிறுத்த முடியும்? அவர் நுழைகிறார். அதிகாரத்துக்கு ஸ்டூடியோ, ஃபிலிம் என்ற பேதம் தெரியாது.

கடைசியில் கிழவிகள் கூட்டம் இளைஞர்களை அடித்துப் போடும் காட்சி. அதை நிறுத்தும்போது அவர் சொல்வதுதான் எனக்கு மிகவும் பிடித்தது. ஆரம்பத்தில் நல்ல யோசனையாகத்தான் இருந்தது, இப்போது கெட்டுவிட்டது என்று ஒரு விமர்சகரைப் போலச் சொல்லிவிட்டு, நடிகரைக் காட்டி, பாதிரியார் வேடத்துக்கு இவ்வளவு நீள முடி கூடாது என்கிறார். அங்கே இருக்கும் 'இடப்பக்கம் செல்லவும்' பலகைகள் மோசமாகச் செய்யப்பட்டிருக்கின்றன என்றும் குறை சொல்கிறார். உலகமே தலைகீழாகக் கிடக்கிறது, இவர் பலகையைச் சரிபார்க்கிறார்.

இப்போது கிளி. நீங்கள் குறிப்பாகச் சொல்லவில்லை என்றாலும் மனதில் அதுதான் இருந்திருக்கும். கடையில் வாங்கிய கிளி செத்த கிளி என்று வாடிக்கையாளர் திரும்பி வந்து சண்டை போடும் அந்த உலகப் புகழ்பெற்ற காட்சியும் இதே எபிசோடில்தான் வருகிறது. அதுவும் கர்னலால்தான் முடிகிறது. ஆனால் மறுபடி ஒருமுறை பாருங்கள். கிளியை வைத்து நடக்கும் சண்டை எப்போதோ முடிந்து, வாடிக்கையாளர் ரயிலேறி ஊர்ப் பெயர்க் குழப்பத்தில் சிக்கி, ரயில் நிலையத்தில் ஒருவரிடம் புகார் சொல்லி, மறுபடி கடைக்கே வந்து வாதாடிக்கொண்டிருப்பார். காட்சிக்கு மூச்சு நின்று வெகு நேரம் ஆகிவிட்டது. வாடிக்கையாளராக வரும் ஜான் கிளீஸே, இது அசட்டுத்தனமாகப் போகிறது, இதற்கு மேல் நான் விசாரிப்பதாக இல்லை என்று சொல்லிவிடுகிறார். கர்னல் வந்து, ஒப்புக்கொள்கிறேன், ஒப்புக்கொள்கிறேன் என்கிறார், அவ்வளவே. கொலை செய்யவில்லை, மரணச் சான்றிதழில் கையெழுத்துதான் போட்டார். சாப்மன் படித்துப் பட்டம் வாங்கிய டாக்டர் என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன்.

அசட்டுத்தனம் என்ற சொல்லைப் பற்றி ஒரு வார்த்தை. கர்னல் சொல்வது ஸில்லி. (சில்லி என்று எழுதினால் மிளகாய் ஞாபகம் வந்துவிடும்.) கோமாளித்தனம், கிறுக்குத்தனம், பைத்தியக்காரத்தனம் எல்லாம் போட்டுப் பார்த்தேன், எதுவும் ஒட்டவில்லை. அது வீட்டுப் பெரியவர் குழந்தையிடம் சொல்கிற சொல். அதில் கோபம் குறைவு, உயரம் அதிகம். 'அசடு மாதிரிப் பண்ணாதே' என்பதில் இருக்கிற அதே தொனி. நீங்கள் கடிதத்தில் அதைத்தான் பயன்படுத்தியிருக்கிறீர்கள், சரியான தேர்வு. வன்முறை, ஆபாசம், அவமரியாதை எதைப் பற்றியும் இவர் அலட்டிக்கொள்வதில்லை என்பதைப் பாருங்கள். கிழவிகள் அடிப்பது பிரச்சினை இல்லை, அசட்டுத்தனமாக அடிப்பதுதான் பிரச்சினை.

உங்கள் இரண்டாவது கேள்விக்குப் பக்கத்தில் வந்துவிட்டோம், ஸ்ட்ரெய்ட் மேன் என்ன வேலை செய்கிறார் என்பது. தமிழில் இதற்கு நிலைத்த சொல் இல்லை. எடுத்துக்கொடுப்பவர் என்று சொல்லலாம். வில்லுப்பாட்டில் 'ஆமா' போடுகிறவரை நினைத்துக்கொண்டால் பாதி புரிந்துவிடும். அந்த 'ஆமா' ஒரு மாத்திரை தள்ளி விழுந்தால் பாட்டு நொண்டும்.

1920களில் அமெரிக்காவில் வாட்வில் என்ற பல்சுவை மேடைகளில் ஜார்ஜ் பர்ன்ஸும் கிரேஸி ஆலனும் ஜோடி சேர்ந்தார்கள். ஜோக்குகளை எல்லாம் பர்ன்ஸ் தனக்கு வைத்துக்கொண்டார். ஆலன் வெறுமனே கேள்வி கேட்க வேண்டும். மேடையேறினால் ஆலன் கேட்கும் கேள்விக்குச் சிரிக்கிறார்கள், பர்ன்ஸ் சொல்லும் ஜோக்குக்கு மூச்சு இல்லை. மனிதர் கெட்டிக்காரர், ஈகோ பார்க்காமல் வேடத்தை மாற்றிக்கொண்டார். அதற்குப் பிறகு கிரேஸியின் உளறலுக்குப் பக்கத்தில் நின்று கேட்பதே அவர் தொழிலானது. 1950 முதல் 1958 வரை ஓடிய அவர்களுடைய தொலைக்காட்சித் தொடரில் இன்னும் ஒரு படி மேலே போனார். கதையை விட்டு வெளியே வந்து பார்வையாளர்களிடம் பேசுவார். தன் அறையில் ஒரு தொலைக்காட்சிப் பெட்டி வைத்துக்கொண்டு, மற்ற பாத்திரங்கள் தனக்குத் தெரியாமல் என்ன திட்டம் போடுகிறார்கள் என்று பார்த்துவிட்டு அதற்குத் தகுந்தாற்போல நடந்துகொள்வார். நிகழ்ச்சிக்குள் இருந்துகொண்டே நிகழ்ச்சியைப் பார்க்கிற ஸ்ட்ரெய்ட் மேன் கர்னலுக்கு முன்பே உண்டு என்பதற்காகச் சொல்கிறேன். பர்ன்ஸ் சுருட்டைப் புகைத்தபடி ரசிப்பார், கர்னல் ரசிக்க மாட்டார், அதுதான் வித்தியாசம்.

திறமை போதாதவனை நிறுத்திவைக்கிற இடமா என்று கேட்டீர்கள். பட் அபட், லூ கொஸ்டெல்லோ என்ற அமெரிக்க நகைச்சுவை ஜோடியில் கொஸ்டெல்லோதான் குண்டுக் கோமாளி, உருண்டு புரண்டு சிரிக்க வைப்பவர். அபட் ஒல்லியாக நிமிர்ந்து நின்று கேள்வி கேட்டு அதட்டுபவர். ஆரம்ப வருடங்களில் அவர்கள் சம்பளத்தைப் பிரித்துக்கொண்டது நூற்றுக்கு 60, 40 என்று. அறுபது அபட்டுக்கு. அந்தக் கால மேடை வழக்கமே அப்படித்தான், கோமாளி எங்கேயும் கிடைப்பான், எடுத்துக்கொடுப்பவன் கிடைப்பதுதான் கஷ்டம் என்பது கணக்கு. (பிற்பாடு கொஸ்டெல்லோ சண்டை போட்டுக் கணக்கை மாற்றினார், அது வேறு கதை.) உங்கள் குழுவில் கை கொடுப்பதற்கும் இந்த விகிதம் உண்டா என்று கேட்டுப் பாருங்கள்.

ஸ்ட்ரெய்ட் மேன் என்றால் மரக்கட்டை என்று ஒரு எண்ணம் இருக்கிறது. பைத்தான் ஆரம்பித்த அதே 1969இல், அதே பிபிசியில், எட்டி பிரேபன் என்கிற எழுத்தாளர் எரிக் மோர்காம், எர்னி வைஸ் என்ற நகைச்சுவை ஜோடிக்கு எழுத வந்தார். எர்னி வைஸ் அதுவரை வழக்கமான எடுத்துக்கொடுப்பவர். பிரேபன் அவருக்கு ஒரே ஒரு பொருளைக் கொடுத்தார், தற்பெருமை. தான் எழுதும் நாடகங்கள் மகத்தானவை என்று நம்புகிற மனிதராக எர்னி மாறினார். அப்புறம் எரிக் மோர்காம் வாயைத் திறக்காமல் ஒரு பார்வை பார்த்தால் போதும், அரங்கம் அதிரும். கர்னலுக்கும் சாப்மன் வைத்திருப்பது இதே பொருள்தான். எனக்கு ஒரு நல்ல வசனம்கூட இல்லையே என்ற ஆதங்கத்தில் அந்தச் சின்ன மன வலி எட்டிப் பார்க்கிறது.

ஆனாலும் கர்னல் ஒரு தனிப் பிறவி. பர்ன்ஸ் போன்ற ஓரிருவரைத் தவிர, மற்ற ஸ்ட்ரெய்ட் மேன்களுக்குத் தாங்கள் ஒரு நகைச்சுவை நிகழ்ச்சிக்குள் இருப்பது தெரியாது. தெரியாததால்தான் நிதானமாக இருக்கிறார்கள். இவருக்குத் தெரியும். கேமராவைப் பார்த்து என்னைக் கிட்டத்தில் காட்டு என்று இயக்குநருக்கு உத்தரவு போடுகிறார், கார்ட்டூனை எப்போது போடுவது என்று சொல்கிறார், எழுத்தின் தரத்தைக் குறை சொல்கிறார். எல்லாம் தெரிந்தும் நகைச்சுவை என்றால் என்னவென்று மட்டும் தெரியவில்லை. அணிவகுப்பு மைதானத்தில் வரிசையை ஒழுங்குபடுத்துவதுபோல ஜோக்குகளை ஒழுங்குபடுத்தப் பார்க்கிறார். அவருக்கு எதிரே ஒரு கோமாளி இல்லை, நிகழ்ச்சியே அவருக்குக் கோமாளி. அரை மணி நேர நிகழ்ச்சி முழுவதற்கும் ஒரே ஆள் எடுத்துக்கொடுக்கிறார்.

ஏன் கர்னல், ஏன் ஒரு நீதிபதியோ பள்ளித் தலைமையாசிரியரோ இல்லை என்று யோசித்திருக்கிறேன். பிரிட்டனில் கட்டாய ராணுவ சேவைக்கு 1960வரை ஆள் கூப்பிட்டார்கள். 1939 அக்டோபர் 1ஆம் தேதியோ அதற்குப் பிறகோ பிறந்தவர்களைக் கூப்பிடவில்லை. கிளீஸ் பிறந்தது 1939 அக்டோபர் 27. நான்கு வாரத்துக்கும் குறைவான இடைவெளியில் தப்பித்தார். குழுவின் மற்ற பிரிட்டிஷ்காரர்கள் எல்லோரும் அவருக்கு இளையவர்கள் (கில்லியம் அமெரிக்காவில் பிறந்தவர்). அதாவது, அண்ணன்கள் எல்லாம் பூட்ஸ் மாட்டி அதட்டல் கேட்டுவிட்டு வந்த காலத்தில், கேட்காமல் தப்பிய முதல் தலைமுறை இவர்கள். தப்பித்தவனுக்குத்தான் அந்த அதட்டல் இவ்வளவு வேடிக்கையாகக் கேட்கும். அந்த உடுப்பு நான்காவது எபிசோடிலேயே தலைகாட்டிவிடுகிறது. ராணுவத்துக்கு ஆள் சேர்க்கும் விளம்பர வாசகத்தை நிகழ்ச்சியில் திரித்துத் திரித்துப் பயன்படுத்துகிறார்கள் என்று எச்சரிக்க வருகிறார். ஒரு வாசகத்தின் உரிமையைக் காப்பாற்ற வந்தவர், போகப்போக நிகழ்ச்சி முழுவதற்கும் காவல்காரராகிவிட்டார்.

இன்னொரு பக்கமும் உண்டு. அந்தக் காலத்தில் மேரி வைட்ஹவுஸ் என்ற அம்மையார் தொலைக்காட்சியைச் சுத்தப்படுத்த இயக்கமே நடத்திக்கொண்டிருந்தார், 1965இல் அதற்காக ஒரு சங்கமும் தொடங்கினார். நிகழ்ச்சிகளைக் கண்டித்து பிபிசிக்குக் கடிதம் எழுதுவது அன்றைக்குப் பலருடைய பொழுதுபோக்கு. கர்னல் அந்தக் கடிதங்களின் கை கால் முளைத்த வடிவம். கண்டிப்பவரை வெளியே விடாமல் உள்ளே கூட்டிவந்து ஒரு நாற்காலி போட்டுக் கொடுத்துவிட்டார்கள்.

இந்த விளையாட்டு அவர்களுக்கே அலுத்துப்போனதும் உண்டு. 1972இல் வந்த, காசு கொடுத்து வாக்குவாதம் செய்யப் போகிற வாக்குவாத நிலையக் காட்சியின் கடைசியில் ஒரு போலீஸ் அதிகாரி நுழைகிறார். கர்னல் செய்த அதே வேலை. அவருக்குப் பின்னால் வரும் இரண்டாவது அதிகாரி அடுக்கும் குற்றங்களில் ஒன்று, ஒவ்வொரு காட்சியையும் போலீஸ்காரரை நுழைத்து முடிப்பது. சொல்லிக்கொண்டிருக்கும்போதே அது தன்னையே குறிக்கிறது என்று அவருக்கு உறைக்கிறது, அதற்குள் அவரைக் கைது செய்ய இன்னொருவர் வந்துவிடுகிறார். உங்கள் புகாரை அவர்களே பதிவு செய்து, விசாரித்து, தண்டனையும் கொடுத்துவிட்டார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சாப்மனைப் பற்றிச் சொல்லாமல் முடிக்க முடியாது. போலீஸ் அதிகாரியின் மகன். கேம்பிரிட்ஜில் மருத்துவம் படித்தார், லண்டனில் செயின்ட் பார்த்தலோமியூ மருத்துவமனையில் பயிற்சி முடித்தார். உயரமான ஆள், வாயில் எப்போதும் பைப். பார்த்தால் ஒழுங்கின் உருவம். வாழ்க்கையோ நேர் எதிர்த் திசை. மொடாக் குடிகாரர். அன்றைய பிரிட்டனில் பலர் வாய் திறக்காத காலத்தில் தன்பால் விருப்பத்தை வெளிப்படையாகச் சொன்னவர். கிளீஸோடு சேர்ந்து எழுதும்போது பெரும்பாலும் பைப்பைப் புகைத்துக்கொண்டு சும்மா இருப்பாராம், திடீரென்று யாரும் எதிர்பாராத ஒரு சொல்லை எடுத்துப் போடுவாராம். கிளிக் காட்சியின் பழைய வடிவம் 1968இல் பதிவு செய்யப்பட்ட வேறொரு நிகழ்ச்சியில் வந்தது, அதில் விற்கப்பட்டது ஓட்டைக் கார். அதில் புகார் சொல்ல வரும் வாடிக்கையாளராக நடித்தவர் சாப்மன். கார் போய்க் கிளி வந்தது, வாடிக்கையாளர் கிளீஸ் ஆனார், சாப்மன் காட்சியை முடித்துவைக்கும் கர்னல் ஆனார்.

குழு சினிமாவுக்குப் போனபோது நாயகன் யார் என்ற கேள்வி வந்தது. 1975இல் ஆர்தர் மன்னன், 1979இல் பிரையன், இரண்டும் சாப்மனுக்குப் போயின. இரண்டுமே ஸ்ட்ரெய்ட் மேன் வேடங்கள். சுற்றியிருக்கிற அத்தனை பேரும் உளறும்போது நடுவில் நின்று நம்பவேண்டிய ஆள். அந்த முதல் படத்தில் குடிப்பழக்கத்தால் கை கால் நடுங்க நடித்தார். 1977 முடிவில் குடியை நிறுத்தினார். பிரையன் படப்பிடிப்பில் உடம்பு சரியில்லாதவர்களுக்கு அவரே வைத்தியம் பார்த்தார். 1989 அக்டோபர் 4ஆம் தேதி, நாற்பத்தெட்டு வயதில், புற்றுநோயால் இறந்தார். முதல் எபிசோட் ஒளிபரப்பாகி இருபது வருடம் நிறைய ஒரே ஒரு நாள் பாக்கி. நினைவுக்கூட்டத்தில் கிளீஸ் அந்தக் கிளிக்குச் சொன்ன வசனங்களை அப்படியே சாப்மனுக்குச் சொல்லி ஆரம்பித்து, நினைவுக்கூட்டங்களில் யாரும் சொல்லாத ஒரு கெட்ட வார்த்தையையும் சொன்னார். அசட்டுத்தனம் என்று நிறுத்தச் சொல்ல அங்கே யாரும் எழுந்திருக்கவில்லை.

சரி, உங்கள் இன்ஸ்பெக்டருக்கு வருவோம்.

ஒத்திகையில் சிரித்துவிடுவதற்காக வெட்கப்படாதீர்கள். கரோல் பர்னெட் ஷோ என்ற அமெரிக்கத் தொலைக்காட்சி நகைச்சுவை நிகழ்ச்சியில் ஹார்வி கோர்மன் என்று ஒருவர், மகா தேர்ந்த நடிகர். டிம் கான்வே பல் டாக்டராக வந்து மரத்துப்போகும் ஊசியைத் தவறுதலாகத் தன் கையிலும் காலிலும் குத்திக்கொள்ளும் காட்சியில், நாற்காலியில் நோயாளியாக உட்கார்ந்திருக்கும் கோர்மன் முகத்தை மூடிக்கொண்டு குலுங்குவதைப் பார்க்கலாம். கான்வே ஒத்திகையில் செய்யாததை எல்லாம் பதிவின்போது வேண்டுமென்றே செய்வார், கோர்மனைச் சாய்ப்பதற்காகவே. மக்கள் அந்தத் தோல்வியையும் ரசித்தார்கள். ஆனால் அதை நம்பி இறங்காதீர்கள், உங்கள் இயக்குநர் திட்டுவது நியாயம்தான். கோர்மன் சிரித்தால் கோர்மனுக்குச் சிரிப்பார்கள், நீங்கள் சிரித்தால் எதிரே நிற்பவரின் அடுத்த வரி போய்விடும்.

நான் கவனித்தவரை, சிரிப்பை அடக்க முயல்கிறவருக்குத்தான் சிரிப்பு வரும். கர்னலுக்கு ஏன் வரவில்லை? அவருக்கு ஒரு வேலை இருக்கிறது, நிகழ்ச்சியை ஒழுங்காக நகர்த்த வேண்டும். எதிரில் நடப்பது வேடிக்கையா என்று பார்க்க அவருக்கு நேரமில்லை. உங்கள் இன்ஸ்பெக்டருக்கும் ஒரு வேலை கொடுங்கள். நாடகத்தில் எழுதியிருக்காவிட்டால் நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். இந்தப் புகாரை எழுதி முடித்தால்தான் அவர் வீட்டுக்குப் போக முடியும். எட்டு மணி நேரமாக நிற்கிறார், கால் வலிக்கிறது. எதிரே நிற்பவன் சொல்வது எதுவும் எந்தக் கட்டத்திலும் அடங்க மாட்டேன் என்கிறது. 'எங்கே?' என்று நீங்கள் கேட்பது அடுத்தவருக்கு வசனம் எடுத்துக்கொடுப்பதற்காக அல்லாமல், இடம் என்ற கட்டத்தை நிரப்புவதற்காக இருக்கட்டும்.

வெற்றுத்தாளை வைத்துக்கொண்டு எழுதுவதுபோலப் பாவனை செய்கிறீர்கள் என்றால் அதை விடுங்கள். கட்டம் போட்ட தாள் ஒன்று தயார் செய்து, ஓடுகிற பேனாவோடு, அவர் சொல்வதை நிஜமாகவே எழுதுங்கள். அந்தக் குறிப்பிட்ட இடம் வரும்போது தலையைத் தூக்காமல், கடைசிச் சொல்லை எழுத்துக்கூட்டிச் சொல்லச் சொல்லிக் கேளுங்கள். இயக்குநர் அனுமதிப்பாரா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். அரங்கேற்றத்துக்குப் பிறகு அந்தத் தாளை எனக்கு ஒரு படம் எடுத்து அனுப்புங்கள், அவர் என்னதான் புகார் கொடுத்தார் என்று பார்க்க ஆசையாக இருக்கிறது.